திண்ணையில் தமிழ்நாடு, கிணற்றடியில் கேரளா

செங்கோட்டைக்குப் பக்கத்தில், புளியரையில் என் அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினால் போன் தமிழ்நாட்டில் இருக்கும். பின்கட்டைத் தாண்டிக் கிணற்றடிக்குப் போனால் கேரளாவுக்குப் போய்விடும். உண்மையான எல்லை அங்கிருந்து மலையேறி, எஸ் வளைவைத் தாண்டி, கோட்டைவாசலில் இருக்கிறது. போனுக்கு அதெல்லாம் கணக்கில்லை. எந்த டவரின் குரல் கேட்கிறதோ அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். "ஏ, அங்கன நின்னு பேசாத, கேரளாக்காரன் இழுத்துக்கிடுவான்" என்பாள் அத்தை. இருபது ஆண்டுப் பழக்கம். அப்போதெல்லாம் கிணற்றடியில் போனை எடுத்தால் வருகிற அழைப்புக்கும் காசு போகும்.

செங்கோட்டைப் பக்கம் "டவர் இல்லை" என்போம். ஆரியங்காவு தாண்டினால் அதே நோவுக்கு "ரேஞ்ச் இல்லா" என்று பெயர். இரண்டு பக்கத்திலும் பழி மட்டும் மலை மேல்தான். பாதி நேரம் மலை பாவம், ஒன்றும் செய்திருக்காது. காகிதத்தில் போட்ட ஒரு கோடுதான் நெட்டை நிறுத்தியிருக்கும்.

அந்தக் கோட்டின் கதை இது. 1990களில் செல்போன் சேவை வந்தபோது அரசு நாட்டை வட்டம் வட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு வட்டத்துக்கும் தனியாக உரிமம் கொடுத்தது. இன்றைக்கு 22 வட்டங்கள். பெரும்பாலும் மாநில எல்லைதான் வட்ட எல்லை. தமிழ்நாடு ஒன்று, கேரளா ஒன்று, ஆந்திராவும் தெலங்கானாவும் சேர்ந்து ஒன்று. புதுச்சேரிக்காரர்கள் பாடு இன்னும் வேடிக்கை. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டு வட்டம், மாஹே கேரள வட்டம், ஏனாம் ஆந்திர வட்டம். ஒரே முதலமைச்சர், மூன்று வட்டம். செங்கோட்டையே 1956 நவம்பர் 1 அன்றுதான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து நம் பக்கம் வந்தது. அன்றைக்குக் கோடு கொஞ்சம் கிழக்கே விழுந்திருந்தால் அத்தை வீட்டுத் திண்ணையும் இன்று கேரள வட்டம்தான்.

அலைவரிசை ஏலமும் வட்டவாரியாக நடக்கிறது. அதனால் ஒரே கம்பெனி இங்கே ஒரு அலைவரிசையில் பலமாகவும் அங்கே வேறொன்றில் நோஞ்சானாகவும் இருக்கலாம். ஏர்செல் காலத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் ஊரில் அது ராஜா, கணவாயைத் தாண்டினால் பேர் சொல்ல ஆளில்லை. 2018இல் அது திவாலானபோது நம் பக்கம் நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்ற வரிசையில் நின்ற கூட்டம் எனக்கு நினைவிருக்கிறது.

கம்பெனி ஒன்றாக இருந்தாலும் போனின் கண்ணுக்கு வட்டம் வேறு என்றால் நெட்வொர்க்கும் வேறு. ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு எண் உண்டு. இந்தியாவுக்கான எண்கள் 404, 405 என்று தொடங்கும். அதற்குப் பிறகு வருவது கம்பெனியும் வட்டமும் சேர்ந்த எண். தமிழ்நாட்டு ஏர்டெல் 404 94, கேரள ஏர்டெல் 404 95. தமிழ்நாட்டு பிஎஸ்என்எல் 404 80, கேரள பிஎஸ்என்எல் 404 72. உங்கள் சிம்முக்குள் 94 என்று எழுதியிருக்கிறது, டவர் 95 என்று கூவுகிறது. அப்படியானால் நாம் வெளியூரில் இருக்கிறோம் என்று போன் முடிவு கட்டிவிடும். மேலே ஓரத்தில் சின்னதாக ஆங்கில 'ஆர்' எழுத்து வரும். அதுதான் ரோமிங்.

ரோமிங்குக்குக் காசு போய்விட்டது. 2015 மே மாதம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உச்சவரம்பைக் குறைத்தபோதுகூட வருகிற அழைப்புக்கு நிமிடத்துக்கு 45 பைசா வரை வாங்கலாம் என்றிருந்தது. அந்த ஜூனில் பிஎஸ்என்எல் வருகிற அழைப்பை இலவசமாக்கியது. 2016 செப்டம்பரில் ஜியோ ரோமிங் கட்டணமே இல்லாமல் இறங்கியது. மற்றவர்களும் வேறு வழியில்லாமல் பின்னால் வந்தார்கள். அதுவரை லாரி ஓட்டுகிற அண்ணாச்சிகள் சட்டைப்பையில் இரண்டு சிம் வைத்திருப்பார்கள். ஆரியங்காவு செக்போஸ்டில் வண்டி நிற்கிற நேரத்தில் பேட்டரியைக் கழற்றி ஒன்றை எடுத்து ஒன்றைச் சொருகுவார்கள்.

காசு போனதே தவிர சுவிட்ச் போகவில்லை. போன் செட்டிங்கில் 'டேட்டா ரோமிங்' என்று ஒன்று இருக்கிறது. பல போன்களில் அது அணைந்தேதான் வரும். தட்டினால் "கூடுதல் கட்டணம் ஆகலாம்" என்று பயமுறுத்தும். அந்த எச்சரிக்கை வெளிநாடு போகிறவர்களுக்கு. போனுக்குத் துபாயும் தென்மலையும் ஒன்றுதான். போன மாதம் ரயிலில் எதிர் சீட்டுப் பையன், "அண்ணே, நாலு கோடும் முழுசா நிக்குது, வாட்ஸப் மட்டும் போகமாட்டேங்குது" என்றான். மலையைக் காட்டி நெற்றியில் அடித்துக்கொண்டான். வாங்கிப் பார்த்தால் அந்தச் சுவிட்ச். போட்டுக் கொடுத்த மறு நிமிடம் நாற்பது மெசேஜ் கொட்டியது. ரோமிங்கில் பேச்சு தடையில்லாமல் போகும், டேட்டா மட்டும் நிற்கும். இந்த அறிகுறி இருந்தால் முதலில் அந்தச் சுவிட்சைப் பாருங்கள். வெளிநாட்டு விமானம் ஏறும் முன் மட்டும் மறக்காமல் அணைத்துவிடுங்கள். தனுஷ்கோடி போகிறவர்களும் அணைத்து வைப்பது நல்லது, அந்தக் கரையில் இலங்கை டவர் வந்து தொற்றிக்கொள்ளும்.

திரும்பி வரும்போது இன்னொரு கூத்து. மலையிறங்கிப் புளியரை வந்தாயிற்று, நம் டவர் கண்ணுக்கு எதிரே நிற்கிறது, போன் இன்னமும் கேரளாவில் இருக்கிறது. இது கோளாறு இல்லை, விதி. ரோமிங்கில் இருக்கிற போன், கிடைத்த டவர் கொஞ்சமாவது கேட்கும்வரை அதிலேயே இருக்கும். குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒருமுறைதான் சொந்த நெட்வொர்க் தட்டுப்படுகிறதா என்று எழுந்து பார்க்கும். எவ்வளவு இடைவெளி என்பது சிம்முக்குள் எழுதியிருக்கும். 6 நிமிடத்தின் மடங்காக, 6 நிமிடத்திலிருந்து 8 மணி நேரம் வரை வைக்கலாம். ஒன்றும் எழுதவில்லையென்றால் 60 நிமிடம். அதனால்தான் அத்தை வீட்டில் வந்து குளித்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்ட பிறகும் சில நாள் போன் ஊர் திரும்பியிருக்காது.

விமான மோடில் போட்டு எடுத்தால் பெரும்பாலும் சரியாகும். ஆனால் மறுபடி உயிர் வந்ததும் கடைசியாக இருந்த நெட்வொர்க்கையே முதலில் தேடுகிற போன்களும் உண்டு. அப்போது செட்டிங்கில் நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுக்கலாம். பட்டியலில் ஒரே கம்பெனிப் பெயர் இரண்டு முறை வந்து நிற்கும், குழம்ப வேண்டாம், ஒன்று இங்கே, ஒன்று அங்கே. இந்த வித்தையைக் கற்ற புதிதில் நான் பட்ட அவதி ஒன்று உண்டு. கிணற்றடித் தொல்லை தாங்காமல் தமிழ்நாட்டை அழுத்தி வைத்துவிட்டு, தானியங்கிக்குத் திருப்ப மறந்து, மறுநாள் புனலூர் போனேன். பகல் முழுக்க 'சேவை இல்லை'. வீட்டில் ஊரெல்லாம் தேடியிருக்கிறார்கள். கம்பெனியைக் கண்டபடி திட்டிவிட்டு, சாயங்காலம் ரயில் ஏறிய பிறகுதான் தவறு என்னுடையது என்று உறைத்தது. கையால் போட்டால் கையாலேயே எடுக்க வேண்டும்.

மலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நம்பாதவர்கள் வடக்கே போய்ப் பார்க்கலாம். கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆரம்பாக்கம், அடுத்து தடா. ஒன்று தமிழ்நாட்டின் கடைசி ஸ்டேஷன், மற்றது ஆந்திராவின் முதல் ஸ்டேஷன். நடுவில் ஒரு மேடுகூடக் கிடையாது, அப்படியொரு தட்டை நிலம். சென்னையிலிருந்து சூலூர்பேட்டை வரை புறநகர் ரயில் ஓடுகிறது, ஸ்ரீசிட்டி வேலைக்கு நம் பிள்ளைகள் தினமும் போய்வருகிறார்கள். அங்கேயும் காலையில் ஆந்திரா, மாலையில் தமிழ்நாடு என்று போன் தாவும். தாவுகிற நேரத்தில் வீடியோ கால் உறைந்து நிற்கும். மலை இல்லாத இடத்தில் கோடு மட்டும் தனியாக என்ன செய்யும் என்று பார்க்க அதைவிட நல்ல இடமில்லை.

சரி, இப்போது மலைக்கு வருவோம். அதன் பங்கும் சின்னதில்லை.

செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு 49 கிலோமீட்டர் ரயில் பாதை. 1904இல் மீட்டர் கேஜாகத் தொடங்கியது, அகலப் பாதையாகி 2018இல் முழுதாகத் திரும்ப ஓடத் தொடங்கியது. பகவதிபுரம் தாண்டியதும் நீளமான சுரங்கம். பழகிய ஆட்கள் பகவதிபுரத்திலேயே "வை, வை, குகை வருது" என்று பேச்சை முடித்துவிடுவார்கள். வெளியே வந்தால் ஆரியங்காவு. அப்புறம் இடப்பாளையம், கழுதுருட்டி, பதின்மூன்று கண் பாலம், தென்மலை. வண்டி மெதுவாக ஊர்வதால் வேகம் பிரச்சினை இல்லை. வளைவுக்கு வளைவு ஒரு மலை முதுகு குறுக்கே வந்து நிற்பதுதான் பிரச்சினை. தென்மலையைச் சுற்றி செந்துருணி வனவிலங்கு சரணாலயம். காட்டுக்குள் நினைத்த இடத்தில் டவர் நட முடியாது. ஊரும் சாலையும் உள்ள இடத்தில்தான் இருக்கும், இரண்டு டவருக்கு நடுவே பள்ளம் விழும்.

இந்தப் பாதையில் ஒரு விஷயம் ரொம்பப் பேரைக் குழப்பும். இரண்டு கோடு காட்டும், ஒரு படம்கூட இறங்காது. டவர் பல பத்து வாட் சக்தியில் கத்துகிறது. 4ஜி போன் அதிகபட்சம் 0.2 வாட்டில்தான் பதில் சொல்ல முடியும். கோயில் குழாய் ஸ்பீக்கர் மூன்று தெரு தள்ளியும் கேட்கும், நாம் வீட்டிலிருந்து "நிறுத்துங்கப்பா" என்று கத்தினால் அங்கே கேட்குமா? அந்தக் கதைதான். திரையில் தெரிகிற கோடுகள் டவரின் குரல் நமக்கு எவ்வளவு கேட்கிறது என்பதற்கு மட்டும் அடையாளம். நம் குரல் அங்கே போய்ச் சேர்ந்ததா என்று அது சொல்லாது. போன் அந்த 0.2 வாட்டையும் விடாமல் கத்திக்கொண்டே இருக்கும், அத்துடன் வேறு டவரையும் தேடும். புனலூர் போய்ச் சேர்வதற்குள் பேட்டரி பாதியாவது இதனால்தான். ஆரியங்காவு முதல் தென்மலை வரை விமான மோடில் போட்டுவிட்டு ஜன்னலைப் பார்ப்பது உத்தமம். மழைக்காலம் என்றால் கேட்கவே வேண்டாம்.

அலைவரிசையிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் தூரம் போகும், மரம் மட்டையைத் தாண்டும், சுவருக்குள் நுழையும். 2300, 3500 அலைகளில் நெட் வேகமாக ஓடும், ஆனால் அவை நோஞ்சான்கள். 5ஜிக்குப் பெரிதும் பயன்படுவது அந்த 3500. மலைப்பாதையில் 5ஜியைத் தேடி அலையவிடாமல் 4ஜியில் நிறுத்தி வைத்தால் பேட்டரியும் மிஞ்சும், தொடர்பும் நிலையாக இருக்கும். பிஎஸ்என்எல் 4ஜி, 700 அலைவரிசையையும் பயன்படுத்துகிறது. காட்டோரத்தில் அது தூக்கிக் கொடுக்கும். ஆனால் பழைய போனில் அந்த அலைவரிசை இல்லையென்றால் டவர் தலைக்கு மேலே இருந்தாலும் பிடிக்காது. போன் வாங்கும்போது கேமராவைப் பற்றி நூறு கேள்வி கேட்கிறோம், இதை ஒருவரும் கேட்பதில்லை.

4ஜி கைவிட்டால் ஏர்டெல் 2ஜிக்கு இறங்கும், பேசவாவது முடியும். ஜியோவுக்கு இறங்க 2ஜியே கிடையாது, இருந்தால் 4ஜி, இல்லையென்றால் இல்லை. அதனால் இரண்டு சிம் போனில் இரண்டு வெவ்வேறு கம்பெனி வைத்துக்கொள்வது எல்லைப்புறத்தில் ஆடம்பரம் இல்லை. ஒரே கம்பெனியின் இரண்டு சிம் வைத்திருப்பவர்களைப் பார்த்தால்தான் எனக்கு ஆச்சரியம். கம்பெனிகள் தங்கள் சிக்னல் எங்கெங்கே எட்டும் என்று வரைபடம் வெளியிட வேண்டும் என்பது டிராயின் 2024 விதி. கிளம்பும் முன் பார்க்கலாம். அதில் கூட்டம் தெரியாது, அவ்வளவுதான்.

கூட்டம் என்றால் மண்டல காலம். கார்த்திகை பிறந்துவிட்டால் செங்கோட்டை வழியாக வருகிற ஐயப்பன்மார் வண்டிகளுக்குக் கணக்கில்லை. பம்பையிலும் சன்னிதானத்திலும் கோடு முழுசாக நிற்கும், நெட் நகராது. இங்கே மலையும் காரணமில்லை, வட்டமும் காரணமில்லை. ஒரு டவரிடம் இருக்கிற கொள்ளளவை அங்கே நிற்கிற எல்லோரும் பங்குபோட வேண்டும், ஒருவர் பங்குக்கு ஒரு கை அளவுதான் வரும். அதில் குறுஞ்செய்தி போகும், வீடியோ போகாது. விவரமான குருசாமிகள் போனை நம்புவதில்லை. "தொலைஞ்சா பம்பை கணபதி கோயில் முன்னால வந்து நில்லு" என்று மலையேறும் முன்பே சொல்லிவிடுவார்கள்.

இனி வைஃபை. ரயில் நிலைய வைஃபை 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் கூகுள் துணையோடு தொடங்கியது. 2020இல் கூகுள் விலகிக்கொண்டது, ரயில்வேயின் ரெயில்டெல் நிறுவனம் தொடர்ந்து நடத்துகிறது. தினம் முதல் அரை மணி இலவசம், மேலே வேண்டுமென்றால் பணம். பணம் கட்டும் திட்டம் 2021இல் வந்தபோது ஒரு நாளுக்கு 5 ஜிபி 10 ரூபாய் என்று ஆரம்பித்தது. கேரளாவில் பஸ் ஸ்டாண்டு, அரசு அலுவலகப் பக்கம் 'கே-ஃபை' என்று தெரிந்தால் அது அரசு வைஃபை, தினம் 1 ஜிபி இலவசம். இரண்டுக்கும் நுழைய ஓடிபி வேண்டும். ஓடிபி வர டவர் வேண்டும். டவர் இல்லாததால்தானே வைஃபை தேடினோம்? இதை யோசித்தவர் செங்கோட்டைக்கு மேற்கே வந்ததில்லை போலும். ஆகவே டவர் இருக்கிற இடத்திலேயே உள்ளே நுழைந்துவிட வேண்டும். நுழைவுப் பக்கமே திறக்கவில்லையென்றால் நெட் போகிற வழியை மாற்றுகிற விபிஎன், 'பிரைவேட் டிஎன்எஸ்' என்கிற செட்டிங்குகள் இரண்டையும் அணைத்துப் பாருங்கள்.

லாட்ஜ், ஹோம்ஸ்டே, ஏலத்தோட்ட பங்களாவில் வைஃபையின் மதிப்பே வேறு. அங்கே பெரும்பாலும் கேபிள் வந்திருக்கும், டவர் வந்திருக்காது. 'வைஃபை காலிங்' என்று செட்டிங்கில் இருப்பதைப் போட்டுவிட்டால் சாதாரண அழைப்பே அந்த வைஃபை வழியாகப் போகும், வரும். நம்பர் அதேதான், கூப்பிடுகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைத் தொடங்கின. ஒரு நுணுக்கம் உண்டு. அறையில் கால் கோடு சிக்னல் இருந்தால் போன் வைஃபையை விட்டுவிட்டு அந்தச் செத்த டவரையே பிடித்துத் தொங்கும், அழைப்பு விட்டு விட்டுக் கேட்கும். முதலில் விமான மோடு, பிறகு வைஃபையை மட்டும் போடுங்கள். குரல் தெளிந்துவிடும்.

வழிகாட்டிக்கு நெட் வேண்டும் என்று நினைப்பது பாதி உண்மை. நாம் நிற்கிற இடத்தைச் சொல்வது செயற்கைக்கோள், அதற்கு டேட்டா தேவையில்லை. வரைபடத்துக்குத்தான் தேவை. தென்காசியிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் காட்டுக்குள்ளும் புள்ளி நகரும். டிக்கெட், லாட்ஜ் முன்பதிவு எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொள்வது இதே கணக்கில் சேரும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். நிலம்பூர் பக்கமிருந்து நாடுகாணி வழியாகக் கூடலூர் வருகிறவர்கள் செக்போஸ்டில் நின்று அதைப் பதிவிறக்க முயல்வது தினசரிக் காட்சி.

கடைசியாகப் பணம். புது ஊருக்குப் புது சிம் என்று சட்டென மாற்றிவிடாதீர்கள். யுபிஐ ஆப், வங்கியில் பதிந்த சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பித்தான் போனை அடையாளம் காண்கிறது. சிம்மைக் கழற்றினால் அது முரண்டு பிடிக்கும், மலை நடுவில் அதைத் திரும்பப் பதிய முடியாது. கொஞ்சம் சில்லறை இருக்கட்டும்.

இதை எழுதுகிற எனக்கே போன வாரம் சில்லறை இல்லை. ஆரியங்காவில் டீக்கடை. இரண்டு டீ, இரண்டு பழம்பொரி. ஸ்கேன் செய்தேன், பணம் போய்விட்டது, பச்சை டிக் வந்தது. பணம் வந்ததை அறிவிக்கிற கடை மேசைப் பெட்டி மட்டும் வாய் திறக்கவில்லை. அந்தப் பெட்டிக்குள்ளும் ஒரு சிம் இருக்கிறது, அதற்கும் ரேஞ்ச் வேண்டும். சேட்டன் என் போனைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இரிக்கு, வரும்" என்றார். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். மேலே பாதையில் ஒரு ரயில் போனது. மூன்றாவது டீ குடித்து முடிக்கும்போது பெட்டி கரகரத்துக்கொண்டு என் பணத்தை மலையாளத்தில் அறிவித்தது. சேட்டன் தலையசைத்தார். மூன்றாவது டீக்கு மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டியிருந்தது.